கரடிக்கும் கேமராவுக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

பெங்களூரிலிருந்து எந்தப் பக்கம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போனாலும் ஒரு கருங்கல் குன்று எதிரே வந்து நிற்கும். சாவனதுர்கா, சிவகங்கை, தேவராயனதுர்கா, ராமநகரப் பாறைகள் என்று அந்த வரிசை நீளும். சனிக்கிழமை இருட்டோடு அல்சூரிலிருந்தும் கே.ஆர். புரத்திலிருந்தும் பைக்கில் கிளம்பி, சூரியன் உதிப்பதைப் படமெடுக்க இந்தக் குன்றுகளில் ஏறும் நம் பிள்ளைகளில் பலருக்கு, சுற்றியுள்ள காடுகளில் கரடி இருப்பதும், இரவெல்லாம் இரை தேடிய கரடி பாறை இடுக்குக்குத் திரும்பும் நேரமும் அதே விடியற்காலைதான் என்பதும் தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் அதைப் படமெடுப்பதற்கென்றே போகிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காக எழுதப்படுகிறது. கரடியைப் படமெடுக்கவே கூடாது என்பது என் கருத்தல்ல. பல ஆண்டுகளாக நானும் எடுத்து வருகிறேன். ஆனால் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைக் காட்டில் வைத்து முடிவு செய்யக் கூடாது, வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தியாவில் நான்கு வகைக் கரடிகள் உண்டு. தக்காணத்திலும் தமிழ்நாட்டிலும் இருப்பது ஒன்றே ஒன்று. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விலங்கியலாளர் அதன் நீண்ட நகங்களைப் பார்த்து, தென்னமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தின் உறவென்று தவறாக வகைப்படுத்தியதால், ‘ஸ்லாத் பேர்’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அதைச் சோம்பேறிக் கரடி என்று தமிழாக்கியவர்களும் உண்டு. அந்தப் பெயர் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறதோ தெரியாது, ஏனென்றால் இந்த விலங்கிடம் சோம்பல் துளியும் கிடையாது. மனிதனைவிட வேகமாக ஓடும், மரமும் ஏறும். சங்கப் பாட்டுகளில் இதற்கு எண்கு என்று பெயர். புற்றைத் தோண்டி உள்ளிருக்கும் குரும்பியை, அதாவது கறையான் கூட்டை, தின்னும் விலங்காக அங்கே வருகிறது. அந்தக் காலத்தவர் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் உடலமைப்பே புற்றுக்காக ஆனது: மேல்தாடையின் முன்வரிசையில் நடுப்பற்கள் இரண்டும் இல்லை, உதடுகளைக் குழல்போல் நீட்ட முடியும், மூக்குத் துளைகளை மூடிக்கொள்ள முடியும். நகத்தால் புற்றைப் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, பல்லில்லாத அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும்போது எழும் ஓசை, அமைதியான காட்டில் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

ஆபத்து தொடங்குவது அந்த ஓசையில்தான். மோப்பம் மிகக் கூர்மையாக இருந்தாலும் கண்பார்வையும் செவியும் அவ்வளவு கூர்மையில்லாத விலங்கு, தலையைப் புற்றுக்குள் விட்டுக்கொண்டு தானே சத்தமும் எழுப்பிக்கொண்டிருக்கையில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வருகிற மனிதனை அவன் மிக அருகில் வரும்வரை உணராமல் போகலாம். உணர்ந்த கணத்தில் அது ஓடி ஒளிவதில்லை. புலி உலவும் காடுகளில், ஒளியப் புதரோ ஏற மரமோ போதாத வெளிகளில் வாழ்ந்து பழகிய இனம் என்பதால், எதிர்பாராமல் அருகில் ஏதேனும் வந்தால் முந்திக்கொண்டு பாய்வதே அதற்குப் பிழைக்கும் வழியாயிற்று என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். நம்மைத் தின்பதற்காக அது தாக்குவதில்லை, பயத்தால் தாக்குகிறது. அப்படித் தாக்கும்போது முகத்தையும் தலையையுமே குறிவைப்பதால், பிழைத்தவர்களில் பலர் கண்ணையோ மூக்கையோ தாடையையோ இழந்து வாழ்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வழிகாட்டி, கரடி படுக்கும் குகையைக் காட்டுகிறேன் என்று எங்கள் மூவரையும் மாலையில் ஒரு பாறைச் சரிவுக்கு அழைத்துப் போனார். என் கையில் அப்போது 70-300 மி.மீ. லென்ஸ்தான் இருந்தது. அதனால் கிட்டப் போகவேண்டும் என்ற எண்ணமே மனம் முழுக்க இருந்தது. வழியில் ஆடு ஓட்டிக்கொண்டு இறங்கிவந்த பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டதும் நின்று, கோலால் தரையைக் காட்டினார். பிளந்த புற்று ஒன்று கிடந்தது. வெளியே சிதறிய செம்மண்ணின் மேல்பகுதிகூட இன்னும் கறுத்து ஈரமாகவே இருந்தது. புற்றின் உட்சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு இணையாக நகக்கோடுகள். பக்கத்திலேயே கொன்றை விதைகள் நிறைந்த எச்சம். “தம்பி, மண்ணு ஈரம் காயல. இங்கனதான் எங்கயோ இருக்குது. பேசிக்கிட்டே வந்த வழியே திரும்பிப் போங்க, குசுகுசுன்னு பேசாதீங்க” என்றார். நாங்கள் உரக்கப் பேசியபடி திரும்பினோம். கரடியை அன்று பார்க்கவில்லை. குட்டியோடு தாய் படுத்திருக்கக்கூடிய குகையின் வாசலுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போவது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த வழிகாட்டிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

கிட்டப் போகவேண்டும் என்ற அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். பொருளின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் பெயரோடு மி.மீ.-இல் வரும் எண்) பெருக்கி, இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் உருவத்தின் அளவு கிடைக்கும். கரடியின் உடல் நீளத்தை 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தொலைவிலிருந்து 400 மி.மீ. லென்ஸில் எடுத்தால் உருவம் 6.4 மி.மீ. வரும், 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்டகச் சென்சாரில் அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதே தொலைவில் 600 மி.மீ. லென்ஸில் கால் பங்கைத் தாண்டிவிடும், 23.5 மி.மீ. அகலமுள்ள சிறிய சென்சார் கேமராவில் ஐந்தில் இரண்டு பங்கு. இனி கைபேசிக்கு வருவோம். அதன் முதன்மை லென்ஸ் முழுச்சட்டகக் கணக்கில் சுமார் 26 மி.மீ.க்குச் சமம். நூறு மீட்டரில் கரடி படத்தின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும்; கறுப்புப் புள்ளி என்றுகூடச் சொல்ல முடியாது. மூன்றில் ஒரு பங்காக வரவேண்டுமென்றால் நிற்கவேண்டிய தூரம் மூன்றரை மீட்டர். கைபேசியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கரடியைக் கண்டவர் தன்னையறியாமல் ஏன் முன்னே நடக்கிறார் என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 2018 மே மாதம் ஒடிசாவின் நபரங்கபூர் மாவட்டத்தில், திருமண வீட்டிலிருந்து திரும்பிய வாகன ஓட்டி ஒருவர், காயம்பட்ட கரடியோடு தற்படம் எடுக்க முயன்று அதனிடமே சிக்கி உயிரிழந்தார். கைபேசியின் முன்பக்க லென்ஸில் தற்படம் எடுப்பவர் கரடிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆகவே, கைபேசி மட்டும் இருந்தால் கரடியைப் படமெடுக்க வேண்டாம். கண்ணால் பார்த்தாலே போதும். 400 மி.மீ.க்குக் குறையாத லென்ஸ் இருந்தால் நூறு மீட்டர் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் கரடிக்கு நூறு கஜம், அதாவது சுமார் 91 மீட்டர், என்றே விதி வைத்திருக்கிறது. படத்தில் கரடி சிறிதாக வருகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 24 மெகாபிக்சல் கேமராவில் நூறு மீட்டர் தொலைவில் 400 மி.மீ. லென்ஸில் எடுத்த கரடி ஆயிரம் பிக்சலுக்கு மேல் நீளம் வரும். சுற்றியுள்ளதை வெட்டிவிட்டால் கைபேசித் திரையை நிறைக்க அது தாராளமாகப் போதும். அதைவிட, வெட்டாமலே விட்டால் பாறையும் புதரும் அந்திவெளிச்சமும் சேர்ந்த படமாக நிற்கும். முகம் மட்டும் நிறைந்த படங்களை மிருகக்காட்சிச் சாலையிலும் எடுக்கலாம், கரடி எங்கே எப்படி வாழ்கிறது என்று காட்டும் படம் காட்டில் மட்டுமே கிடைக்கும்.

லென்ஸ் நீண்டதாக இருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 600 மி.மீ. லென்ஸ் வழியே தெரிவது ஏறக்குறைய மூன்றரை பாகை மட்டுமே. சுற்றியுள்ள 360 பாகையில் மிச்சமெல்லாம் நமக்கு இருட்டு. நாம் குறிபார்க்கும் கரடி நம்மைத் தாக்குவது அரிது. தாக்குவது, நாம் பார்க்காத இன்னொரு கரடி: பக்கத்துப் பாறைக்குப் பின்னாலிருந்து வரும் தாய், அல்லது கூட வந்த குட்டியைத் தேடுவது. ஆகவே ஒருவர் படமெடுக்கும்போது இன்னொருவர் கேமராவைத் தொடாமல் நாலாபுறமும் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும் என்பதை எங்கள் குழுவில் கண்டிப்பாகப் பின்பற்றுகிறோம். இந்தியாவில் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை குட்டிகள் குகையில் பிறக்கின்றன. இரண்டு மாதத்துக்கு மேல் ஆனபின் வெளியே வந்து, அதன்பிறகும் பல மாதங்கள் தாயின் முதுகு மயிரைப் பற்றிக்கொண்டு சவாரி செய்கின்றன. முதுகில் குட்டி இருக்கும் தாய், எந்தப் படக்காரருக்கும் ஆசை மூட்டும் காட்சி. எட்டவே நிற்கவேண்டிய காட்சியும் அதுதான்.

நடந்து போகாமல் எடுப்பதே எல்லாவற்றிலும் நல்லது. பந்திப்பூர், நாகரஹொளே, முதுமலை போன்ற இடங்களில் வனத்துறை வண்டியில் இருந்தபடி எடுக்கலாம். எஞ்சினை நிறுத்தி, எழுந்து நிற்காமல், கதவைத் திறக்காமல் இருந்தால் கரடி பெரும்பாலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கரடிக்கென்றே பெங்களூர்க்காரர்கள் போவது தரோஜிக்கு. ஹம்பிக்கு அருகே, கமலாபுராவைத் தாண்டி, 1994-இல் கரடிகளுக்காகவே அறிவிக்கப்பட்ட 80 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சரணாலயம் அது. அதே வட்டாரத்தில் குடேகோட்டே என்ற இன்னொரு கரடிச் சரணாலயமும் 2013-இல் வந்தது. இங்கிருந்து ஹம்பி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் ஹொசப்பேட்டே. மதியத்துக்குமேல் கண்காணிப்புக் கோபுரத்தில் உட்கார்ந்தால் எதிரேயுள்ள பாறைக்குன்றின் குகைகளிலிருந்து கரடிகள் ஒவ்வொன்றாக இறங்கிவரும். கன்னடத்திலும் அதற்குக் கரடி என்றே பெயர். “கரடி பந்த்து” என்று காவலர் முணுமுணுப்பதைப் புரிந்துகொள்ள நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

தரோஜியில் பாறைகளின்மேல் வெல்லப்பாகு கலந்த கலவையை ஊழியர்கள் பூசிவைப்பதாலேயே கரடிகள் அந்த இடத்துக்குத் தவறாமல் வருகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஆயினும், கோபுரத்துக்கும் பாறைக்கும் நடுவே தூரமும் பள்ளமும் இருப்பதாலும், மனிதர்கள் ஒரே இடத்தில் கட்டுக்குள் இருப்பதாலும், அங்கே கரடி உணவையும் மனிதனையும் நேருக்குநேர் இணைத்துப் பார்ப்பது குறைவு என்று நினைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுத் தனியார் ஆட்கள் தேனையும் வெல்லத்தையும் பழத்தையும் வைத்துக் கரடியை வரவழைக்கத் தொடங்கினால் அது முற்றிலும் வேறு விஷயம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்தக் கரடி இருக்கிறது. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள வரையறைக்குள், கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, விரட்டுவதும் இரைவைத்து வரவழைப்பதும்கூட அடங்கும். சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதைத் தனியாகத் தடுக்கும் பிரிவும் உண்டு. கையில் துப்பாக்கி இல்லாமல் கேமரா மட்டும் இருந்தாலும், இரைவைப்பவர் சட்டத்தின் கண்ணில் எங்கே நிற்கிறார் என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஜப்பானைச் சேர்ந்த மிச்சியோ ஹோஷினோ, அலாஸ்காவின் கரடிகளை உலகுக்குக் காட்டிய பெரும் புகைப்படக்காரர். கரடியின் குணம் அறிந்தவர், பொறுமைக்குப் பெயர்போனவர். 1996 ஆகஸ்டில் ரஷ்யாவின் கம்சாட்காவில், குரில் ஏரிக்கரையில் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவரை ஒரு பழுப்புக் கரடி இழுத்துப்போய்க் கொன்றது. மனிதர் கொடுத்த உணவுக்கு ஏற்கெனவே பழகியிருந்த கரடி அது என்று அவருடைய மரணத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உணவு கொடுத்துப் பழக்கியவர் ஒருவர், உயிரைக் கொடுத்தவர் வேறொருவர். நம் ஊரில் அந்த வேறொருவர் யாராக இருப்பார் என்று யோசித்தால், விறகு பொறுக்கப் போகும் பெண்ணாகவும், நிலக்கடலைக் காட்டில் இரவுக் காவல் இருப்பவராகவும், அந்த ஈரமண்ணைக் காட்டிய ஆட்டுக்காரப் பெரியவராகவும்தான் இருப்பார். நாம் ஞாயிறு இரவே பெங்களூர் வந்துவிடுகிறோம். பழக்கப்பட்ட கரடி அங்கேயே இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஊருக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைந்து விளக்கிலுள்ள எண்ணெயைத் தேடும் கரடிகளின் காணொளிகளை வாட்ஸ்அப்பில் சிரித்துக்கொண்டே அனுப்புகிறோமே, அந்தத் தெருவில் அதிகாலையில் பால் வாங்கப் போகிறவர்களால் அப்படிச் சிரிக்க முடியாது.

ட்ரோனைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சரணாலயங்களில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது என்பது ஒருபுறமிருக்க, 2015-இல் வெளியான, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஆய்வு ஒன்று என் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அங்குள்ள கறுப்புக் கரடிகளின் உடலில் இதயத்துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி, மேலே ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். கரடிகள் பெரும்பாலும் ஓடவில்லை, வெளிப்பார்வைக்கு அமைதியாகவே இருந்தன. ஆனால் ஒரு கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 41-லிருந்து 162-க்கு ஏறியிருந்தது. ‘அது பேசாமல்தான் இருந்தது, தொந்தரவில்லை’ என்று நாம் சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்த எண்கள் காட்டிவிட்டன. ஆகவே நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் மிக எளியது: தின்றுகொண்டிருந்த கரடி தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினாலே நான் அதிகம் நெருங்கிவிட்டேன் என்று பொருள். பின்னங்காலில் எழுந்து நிற்பது தாக்குவதற்கல்ல, மோப்பம் பிடித்து என்னவென்று அறிவதற்கு. ஆனால் அறியவேண்டிய நிலைக்கு அதைக் கொண்டுவந்ததே நம் தவறு. மூச்சைச் சீறிவிடுவதும் தாடையைத் தட்டி ஓசையெழுப்புவதும் அடுத்த கட்டம். அப்போது விரல் ஷட்டரில் இருக்கக் கூடாது.

படமெடுக்கும் நுட்பத்தைப் பற்றியும் சில சொற்கள். கறுத்த மயிரைக் கேமராவின் ஒளிமானி சாம்பலாக்கப் பார்க்கும்; கரடி சட்டகத்தை நிறைத்தால் வெளிச்சத்தை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைக்கவேண்டும், இல்லையென்றால் வெளிறிய மூக்கும் மார்பிலுள்ள வெள்ளை வளைவும் எரிந்துபோகும். கரடி சிறிதாகவும் வெயில்பட்ட பாறை பெரிதாகவும் இருந்தால் நிலைமை நேர்மாறு; அங்கே குறைத்தால் கரடி வெறும் நிழலாகிவிடும். மதிய வெயிலில் சூடேறிய பாறைக்கு மேலே காற்று அலைவதால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் நூறு மீட்டரில் கூர்மை கிடைக்காது. அந்தி நெருங்கும்வரை காத்திருப்பதே வழி. சத்தமில்லாத ஷட்டரைப் பயன்படுத்துங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். இவற்றையெல்லாம் பழகிக்கொள்ள பெங்களூரை ஒட்டிய பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவைவிட நல்ல பள்ளிக்கூடம் நமக்கு இல்லை. தெருவில் ஆட்டுவிக்கப்பட்டு மீட்கப்பட்ட கரடிகளுக்கான மையம் அங்கே இருக்கிறது. நாட்டின் கடைசி ஆட்டக் கரடி என்று சொல்லப்பட்ட ராஜு 2009 டிசம்பரில் அங்கேதான் வந்து சேர்ந்தது. வேலிக்குள் எடுத்த படத்தைக் காட்டில் எடுத்ததாகச் சொல்லாமல், உள்ளதை உள்ளபடி குறிப்பிட்டால் அதில் குறைவொன்றும் இல்லை.

இத்தனை எச்சரிக்கைக்கும் மேல் நேருக்குநேர் சந்திக்க நேர்ந்தால் என்ன செய்வது? பள்ளிப் பாடத்தில் படித்த இரண்டு நண்பர்களின் கதை எல்லாருக்கும் நினைவிருக்கும். மரமேறினவன் தப்பினான் என்பதை நம்பவேண்டாம், நம் கரடி தேனுக்காக மரமேறும் விலங்கு. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கரடிகளைப் பற்றியவை. அங்குள்ள கறுப்புக் கரடியிடம் எதிர்த்துப் போராடு என்று சொல்வதை இங்கே பின்பற்றினால் காயம்தான் பெருகும். தூரம் இருக்கும்போது ஓடாமல், தாழ்ந்த குரலில் பேசியபடி, கரடியைப் பார்த்தபடியே மெல்லப் பின்னோக்கி வரவேண்டும். அது ஓடிப்போக வழி இருக்கவேண்டும். பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடி, முழங்கைகளால் முகத்தின் பக்கங்களைக் காத்து, அது விலகிப் போகும்வரை அசையாமல் கிடக்கவேண்டும். முதுகிலுள்ள கேமராப் பையைக் கழற்ற வேண்டாம்; நகத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவே அதுவே கவசம். கையில் இருக்கும் கேமராவை மட்டும் விட்டுவிடுங்கள்.

படத்தோடு வீடு வந்து சேர்ந்தபின் மீதமிருப்பது அதை இணையத்தில் போடுவது. தரோஜி போன்ற கட்டுக்காவல் உள்ள இடமானால் பெயரைச் சொல்லலாம். ஊரோரக் குன்றில் தற்செயலாகக் கண்ட கரடியானால் மாவட்டத்தின் பெயர் போதும். குகை, நீர்நிலை, கூகுள் வரைபடக் குறி எதுவும் வேண்டாம். படக்கோப்புக்குள் தானாகப் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் அழித்துவிட்டுப் போடுங்கள், ஏனென்றால் அடுத்த சனிக்கிழமை விடியலில் அந்த இடத்துக்குக் கிளம்புகிறவரின் கையில் கைபேசி மட்டுமே இருக்கக்கூடும்.